ஜாய்: மாப் வித்த கதை தானேன்னு நெனச்சேன்

ஒரு மாப் வித்த கதைக்கு ரெண்டு மணி நேரமான்னு ரொம்ப நாளா தள்ளிப்போட்டுட்டே இருந்தேன். 2015-ல வந்த படம், போன ஞாயித்துக்கெழம தான் அம்மாவோட உக்காந்து பாத்தேன்.

கை நனையாம பிழியுற மிராக்கிள் மாப்ப கண்டுபிடிச்சு அமெரிக்க டிவில வித்து பெரிய ஆளான ஜாய் மங்கானோவோட கதை, டைரக்டர் டேவிட் ஓ. ரஸ்ஸல் நெறைய கற்பனையும் கலந்துருக்காரு. ஜெனிஃபர் லாரன்ஸ் தான் ஜாய். அந்த வீடு இருக்கே... அம்மா கட்டில விட்டு எறங்காம நாள் பூரா சீரியல், டைவர்ஸ் ஆன புருஷன் கீழ் ரூம்லயே குடியிருக்கான், போதாததுக்கு அப்பா ராபர்ட் டி நீரோவும் பெட்டியோட அதே ரூமுக்கு வந்து எறங்குறாரு, ரெண்டு பேருக்கும் சுத்தமா ஆகாது. சிரிப்பெல்லாம் இங்க தான்.

படகுல ஒயின் கொட்டி கிளாஸ் ஒடைஞ்சிருது, இவ தான் தொடைக்கணும், மாப்ப கையால பிழியுறப்ப கண்ணாடி குத்தி ரத்தம். ஐடியா அங்க பொறக்குது. மாப் பிழிஞ்சு பழகுன கைக்கு தான் அந்த வலி தெரியும்.

மொதல்ல டிவில ஒரு ஆம்பள வந்து மாப்ப பிரிக்கவே தெரியாம சொதப்புறான், ஒண்ணு கூட விக்கல. அப்புறம் இவளே போறா, ஸ்டைலா டிரஸ் பண்ணி விட பாக்குறாங்க, என் பேண்ட் சட்டை போதும்னுட்டு நிக்கிறா. லைட்ட போட்டதும் பேச்சே வரல. அந்த நேரம் பாத்து தோழி ஷோவுக்கே போன் பண்றா, அதுக்கப்புறம் விக்கிற நம்பர் ஏறுது பாருங்க, அம்மா தட்டுல இருந்த சோத்தையே மறந்துட்டாங்க!

எதிரி வெளிய இல்ல, வீட்டுக்குள்ள தான். மாற்றாந்தாய் வழி அக்கா இவளுக்கே தெரியாம சப்ளையர் ஏத்தி கேட்ட காச குடுத்துட்டு வர்றா. கடன் கழுத்த நெரிக்கிறப்ப, இவள பெரிய ஆளுன்னு நம்ப வச்சது என் தப்புங்குறாரு அப்பா. டிவிய ஆஃப் பண்ணிரலாமான்னு இருந்துச்சு.

கடைசி அரை மணி நேரம் தான் கடுப்பு. பேட்டண்ட் சண்டை, அதான் கண்டுபிடிப்பு யாருக்கு சொந்தம்ங்கிற சண்டை, முடிய வெட்டிக்கிட்டு டாலஸ் ஹோட்டலுக்கு போறா, ரெண்டு பேப்பர காட்டுனதும் எதிராளி மடங்கிடுறான், அவ்ளோ ஈஸியா? டிவி சேனல் அதிகாரியா வர்ற பிராட்லி கூப்பருக்கும் பெருசா வேலையில்ல. ஆனா லாரன்ஸுக்கு ஆஸ்கர் நாமினேஷன் குடுத்தது நியாயம் தான்.

டிவில பாத்து நான் வாங்குன மாப் ஒண்ணு ரெண்டே மாசத்துல கைப்பிடி கழண்டு பால்கனில கெடக்கு. படம் முடிஞ்சதும் அம்மா அதத்தான் எடுத்து திருப்பி திருப்பி பாத்துட்டு இருந்தாங்க.