வெளியே வர மறுக்கும் கோது: .410 ரிவோல்வருடன் சில ஆண்டுகள்

டெக்சாஸில் இருக்கும் மைத்துனரின் மகன் அனுப்பிய கேள்வி ஒரே வரிதான்: "மாமா, ஷொட்கன் தோட்டா சுடுகிற ரிவோல்வர் விலை இறங்கியிருக்கு, வாங்கலாமோ?" நான் அங்கே வேலை செய்த காலத்தில் வாங்கிய ஒன்று இன்னமும் அவனுடைய தகப்பனின் இரும்புப் பெட்டகத்தில்தான் இருக்கிறது, அங்கே போகும்போதெல்லாம் அதை எடுத்துச் சுட்டு, துடைத்து, எண்ணெய் பூசி வைத்துவிட்டு வருவது என் வழக்கம். அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் வெள்ளவத்தையில் தேநீருக்குக் கூடும் நண்பர்களும் இந்தத் துப்பாக்கியைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்பதால், விரிவாகவே எழுதிவிடுகிறேன். என்னுடையது எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அந்த வகைக்கே உரியவை.

டோரஸ் ஜட்ஜும் ஸ்மித் அண்ட் வெசன் கவர்னரும் இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். முன்னையது 4410 என்ற எண்ணோடு வந்து, மயாமியில் நீதிபதிகள் சிலர் தற்காப்புக்காக அதை வாங்குகிறார்கள் என்று தெரியவந்த பின்னர்தான் "ஜட்ஜ்" ஆனது. அதன் உருளையில் தோட்டா போடும் அறைகள் ஐந்து. 2011இல் வந்த கவர்னரில் ஆறு. இரண்டிலும் .410 என்ற சிறிய ஷொட்கன் தோட்டாவையும், தனிக் குண்டுள்ள .45 கோல்ட் கைத்துப்பாக்கித் தோட்டாவையும் ஒரே உருளையில் கலந்தே போடலாம். விளம்பரத்தின் உயிர் இந்தக் கலவைதான், என் கோபத்தின் வேரும் அதுதான்.

முதலில் சன்னம், அதாவது ஷொட்கன் தோட்டாவுக்குள் இருக்கும் ஈய மணிகள், பரவும் விதத்தைச் சொல்ல வேண்டும். வன்னியில் வயல்காவலுக்கு வைத்திருந்த 12 போர் (குழல் அளவின் பெயர்) ஒற்றைக்குழல் துவக்கைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஷொட்கன் என்றதும் அந்த வீச்சையே மனதில் கொள்கிறார்கள். 12 போரின் வழக்கமான தோட்டாவில் ஓர் அவுன்சும் அதற்கு மேலும் ஈயம் இருக்கும், இரண்டரை அங்குல.410இல் இருப்பது அரை அவுன்ஸ் மட்டுமே. அந்த அரை அவுன்ஸ் ஒன்பதாம் இலக்கப் பொடிச் சன்னமானால் ஏறத்தாழ 290 மணிகள். கேட்பதற்கு நிறைவாக இருந்தாலும், மூன்று அங்குலக் குழலிலிருந்து ஏழு யார் தூரத்திலுள்ள அட்டையில் சுட்டுப் பார்த்தால் சன்னங்கள் இரண்டடிக்கும் மேலாகச் சிதறி, குறிவைத்த நடுப்பகுதி மட்டும் ஏறக்குறைய வெறுமையாக நிற்கும். சுட்டவர் அட்டையின் அருகே சென்று அந்த வெற்று வட்டத்தில் விரலை வைத்துப் பார்க்கும்போது அவருடைய முகம் போகும் போக்கை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இதற்குக் காரணம் குழலின் உள்ளே வெட்டப்பட்டிருக்கும் சுரிவரிகள். தனிக் குண்டைச் சுழற்றி நேராகச் செலுத்துவதற்கு ஏற்பட்ட அவை, சன்னக்கொத்தையும் அதே வேகத்தில் சுழற்றுவதால், குழலை விட்டு வெளியேறிய கணமே மணிகள் புறநோக்கி எறியப்படுகின்றன. அப்படியானால் சுரியில்லாத வழுவழுப்பான குழலை வைத்திருக்கலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டுத் தேசிய சுடுகலன் சட்டம், வழுவழுப்பான குழலுடன் ஷொட்கன் தோட்டா சுடும் கைத்துப்பாக்கியைச் சாதாரணக் கைத்துப்பாக்கியாகக் கொள்ளாமல், மத்திய அரசிடம் தனியே பதிவு செய்ய வேண்டிய வகையில் சேர்த்துவிடுகிறது. ஆகவே சுரியை வெட்டி, .45 கோல்ட்டையும் சுடும் என்று காட்டி, கடையில் மற்றக் கைத்துப்பாக்கிகளோடு அடுக்கி விற்கிறார்கள். கலிபோர்னியா மாநிலம் அதற்கும் இடங்கொடாமல், இதைக் குட்டைக்குழல் ஷொட்கன் என்றே கொண்டு தடுத்து வைத்திருக்கிறது. சன்னத்துக்கு ஒவ்வாத சுரி சட்டத்துக்காகவே அங்கே இருக்கிறது என்பதை விற்பனையாளர் எவரும் தாமாகச் சொல்வதில்லை.

சரி, .45 கோல்ட்டையாவது ஒழுங்காகச் சுடுமா? ஏழு யாருக்குள் சுடும்; அதற்கு மேல் மனநிறைவு குறையும். அந்தத் தோட்டாவின் கோது, அதாவது மருந்தையும் குண்டையும் தாங்கும் உறை, 1.285 அங்குல நீளம், அறையோ.410க்காக இரண்டரை அங்குலம். குண்டு கோதை விட்டுக் கிளம்பி, தன்னைப் பிடித்துச் சுழற்ற எதுவுமே இல்லாத வெற்றிடத்தை ஓர் அங்குலத்துக்கு மேல் கடந்த பின்னர்தான் சுரியைத் தொடுகிறது. மூன்று அங்குலத் தோட்டாவையும் ஏற்கும் நீண்ட அறையுள்ள மாதிரிகளில் இந்தத் தாவல் இன்னும் கூடும்.

1856இல் காப்புரிமை பெற்ற லெமாட் ரிவோல்வரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒன்பது குண்டுகளுக்கு ஒரு குழல், உருளையின் நடுவே சன்னத்துக்கென்று வழுவழுப்பான வேறொரு குழல் என்று அமைத்திருந்தார் அந்த மனிதர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையினர் அதைப் பயன்படுத்தினார்கள். பாரமானது, நிரப்புவது வில்லங்கம், எல்லாம் உண்மை. ஆனாலும் ஒன்றின் தேவைக்காக மற்றொன்றைக் கெடுக்கவில்லை.

இவற்றையெல்லாம் நான் மன்னித்துவிடுவேன். மன்னிக்க முடியாதது கோதுதான்.

ஷொட்கன் தோட்டாவின் நீளம் என்று பெட்டியில் அச்சிடுவது, வெடித்து வாய் விரிந்த பின் அதற்குள்ள நீளம். அதாவது வெடித்த பின் அந்தப் பிளாஸ்டிக் கோது நீண்டு, பருத்து, அறையின் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. உருளையைப் பக்கவாட்டில் திறந்து தள்ளுகோலை அழுத்தினால், சாதாரண ரிவோல்வரில் வெற்றுக் கோதுகள் நிலத்தில் கொட்டிவிடும். இதிலோ தள்ளுகோலின் ஓட்டம் கோதின் நீளத்தில் பாதியைக்கூட எட்டுவதில்லை. ஈரம் கூடிய மாவில் அவித்த புட்டு குழலை விட்டு வர மறுப்பதுபோல், ஐந்து கோதுகளும் சிறிது தலைநீட்டி அங்கேயே நின்றுவிடும். பிறகு ஒவ்வொன்றாக நகத்தால் கௌவி இழுக்க வேண்டும். சூடாக இருக்கும், விரலில் கரி பிடிக்கும், கடைசி ஒன்று எப்போதும் உதடு கிழிந்தே வரும்.

இதை இரட்டிப்பாக்கும் இன்னொரு சங்கதி இருக்கிறது. முதலில் .45 கோல்ட்டைச் சுட்டால், அந்தக் குட்டைக் கோதின் வாய் முடியும் இடத்தில், அறையின் நடுவே, கரியும் ஈயமும் ஒரு வளையமாகப் படிந்துவிடும். அதன் பின் நீண்ட .410 தோட்டாவைப் போட்டால் அந்த வளையத்தின் மேல் உராய்ந்துதான் உள்ளே போகும். வெடித்த பின் அங்கேயே இறுகிக்கொள்ளும். ஆகவே கலந்து சுடலாம் என்ற பெருமையை நம்புகிறவர் ஒன்று .410ஐ முதலில் சுட்டு முடிக்க வேண்டும், அல்லது இடையிடையே செப்புத் தூரிகையால் அறைகளைத் தேய்க்க வேண்டும். நான் இரண்டையும் செய்கிறேன். விலை மலிந்த ஒரு தோட்டா வகையை (பெயர் வேண்டாம்) வாங்கிய ஒரு தடவை, தூரிகை போட்ட அறையிலேயே கோதின் பித்தளை அடி ஒரு பக்கமும் பிளாஸ்டிக் உடல் மறுபக்கமுமாகப் பிரிந்து, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக நேர்ந்தது. அவர் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதை வைத்திருப்பவர்கள் எல்லோரும் இங்கே வருவார்கள்" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, தம் வியாபாரத்தைச் சொன்னாரா என்பது இன்னமும் எனக்கு விளங்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு அந்தத் துப்பாக்கி செய்யும் ஒரு காரியத்தைச் சொல்லாவிட்டால் நான் அநியாயக்காரனாவேன். நாங்கள் இருந்த இடம் சுண்ணாம்புக்கல்லும் முட்செடியும் நிறைந்த மேட்டுநிலம். வெயில் தாழும் நேரத்தில், தண்ணீர்த் தொட்டியின் நிழலிலோ விறகு அடுக்கின் அடியிலோ கிலுகிலுப்பைப் பாம்பு வந்து கிடக்கும். அதன் பாட்டில் விட்டால் பெரும்பாலும் போய்விடும், நானும் விட்டிருக்கிறேன். நாய்களும் பிள்ளைகளும் திரியும் முற்றத்தில் விட முடியாது. அந்த நேரத்தில் இரண்டு மூன்று எட்டுத் தூரத்தில், ஒரே கையால், குனிந்து குறிபார்க்கத் தேவையில்லாமல், கல்லில் பட்டுத் தெறித்து எங்கோ போகும் தனிக் குண்டின் பயமும் அதிகமில்லாமல் வேலையை முடித்துத் தருவதற்கு இதற்கு நிகரான கைத்துப்பாக்கி இல்லை. அந்தத் தூரத்தில் சன்னம் அதிகம் சிதறியிராது; நான் மேலே திட்டிய வெற்று வட்டமும் அங்கே உருவாவதில்லை. பொடிச் சன்னமானாலும் கல்லின் மேல் சுட்டால் திரும்பித் தெறிக்கும், கண்ணாடி அணியாமல் சுடக்கூடாது என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

வீட்டுக் காவலுக்கு என்று கேட்பவர்களுக்குப் பொடிச் சன்னம் வேண்டவே வேண்டாம். அது தோலுக்குக் கீழே போதிய ஆழம் போகாது. இந்த ரிவோல்வர்களுக்கென்றே செய்யப்படும் தோட்டாக்கள் இருக்கின்றன: பெடரலின் இரண்டரை அங்குலத் தோட்டாவில் .36 அங்குல விட்டமுள்ள நான்கு பெரிய சன்னங்கள், வின்செஸ்டரின் பி.டி.எக்ஸ்.1இல் மூன்று தட்டையான வில்லைகளும் பன்னிரண்டு சிறு மணிகளும். முதலாவது வீட்டு அறை ஒன்றின் நீளத்தில் கைவிரிப்புக்குள்ளேயே அடங்குகிறது, அதை நான் மதிக்கிறேன். இரண்டாவதில் வில்லைகள் ஒரு பக்கமும் மணிகள் வேறு பக்கமுமாகப் போவதால் எனக்கு நம்பிக்கை இல்லை. எதைப் போட்டாலும் ஐந்தோ ஆறோ சுற்றுகள்தான். அவற்றைச் சுட்டு முடித்த பின் இருட்டில் நின்று நகத்தால் கோது இழுக்கும் காட்சியை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நாலு சுவருக்குள் வெடிக்கும்போது வரும் சத்தம் காதை நிரந்தரமாகவே கெடுக்கக்கூடியது.

கொழும்பு நண்பர்கள் "இங்கே எடுக்கலாமா" என்று கேட்பதற்குப் பதில் சுருக்கமானது. நம்முடைய சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டினது. உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தற்காப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளைக்கூட 2024இன் இறுதியில் பாதுகாப்பு அமைச்சு மீளாய்வுக்காகத் திருப்பிக் கேட்டது. வெள்ளவத்தை மாடிவீட்டில் பாம்பும் வராது. இந்தப் பேச்சை விட்டுவிடுவது நல்லது.

இனி மருமகனுக்கு. நீ இருப்பது நகரத்து வீடு. கேட்பது வீட்டுக் காவலுக்கு. அதே பணத்தில் 20 போர் நீண்ட துவக்கு ஒன்று கிடைக்கும், சுரியில்லாத குழலோடும் தோளில் ஊன்றும் கட்டையோடும். உன் மனைவியும் அதைப் பழகிக்கொள்வாள். .410 தோட்டா சிறியது என்பதால் மலிவாக இருக்கும் என்று எண்ணாதே. சாதாரண 12 போர் தோட்டாவைவிட அதற்குத்தான் விலை கூட. ஆகவே வாங்காதே.

என்னுடையதை எடுத்துக்கொள்ளலாமா என்று அடுத்ததாகக் கேட்பாய் என்று தெரியும். அது முடியாது. அடுத்த முறை நான் வரும்வரை பெட்டகத்திலேயே இருக்கட்டும். செப்புத் தூரிகை தேய்ந்துவிட்டது,.45க்கு உரியதாகப் புதிதாக ஒன்று வாங்கி வைக்கும்படி அப்பாவிடம் சொல்.