சிறுநீரக ஸ்கேன் வாசிக்கப் பழக்கும் மென்பொருள்: நான்கு ஆண்டு அனுபவம்

மட்டக்களப்பில் பணிபுரியும் இளைய வைத்தியர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார்: "அண்ணா, நீங்கள் பாவிக்கிற அந்த ரீனோகிராம் மென்பொருளின் சந்தா பாதி விலைக்கு வந்திருக்கிறது. எடுக்கலாமா?" ரீனோகிராம் என்பது, கதிர்வீச்சு மருந்தொன்றை ஊசியால் ஏற்றி, சிறுநீரகங்கள் அதை எடுத்து வெளியேற்றுவதைப் படம்பிடிக்கும் ஸ்கேன். எடுங்கள் என்று வாய்வரை வந்த சொல்லை நிறுத்திக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான்கு ஆண்டுகளாக ஏறத்தாழ ஒவ்வொரு வாரமும் திறந்து பார்க்கும் ஒரு மென்பொருளைப் பற்றி உடனே பதில் சொல்ல முடியாமற்போனது எனக்கே வியப்பாக இருந்தது. அந்தத் தயக்கத்தின் காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். தயாரிப்பாளருடன் இன்னும் கடிதப் போக்குவரத்தில் இருப்பதால் மென்பொருளின் பெயரைக் குறிப்பிடவில்லை.

திருகோணமலையில் எங்கள் சிறுநீரகக் கிளினிக்கில் அந்தக் கதிர்வீச்சைப் படம்பிடிக்கும் காமா கமரா கிடையாது. சிறுநீர்ப் பாதையில் அடைப்பு இருக்குமோ என்று ஐயம் வந்தால், நோயாளியைக் கண்டிக்கு அனுப்புகிறோம். பரிசோதனைக்கு வேண்டிய கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதைத் தரும் மொலிப்டினம்-99 கூட 66 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் இது எல்லா ஊரிலும் வைத்து நடத்தக்கூடிய பரிசோதனை அன்று. எங்கள் கைக்கு வருவது ஒரு தாளில் அச்சான படங்களும், இரண்டு சிறுநீரகங்களிலும் மருந்து நேரத்தோடு ஏறி இறங்குவதைக் காட்டும் இரண்டு வளைகோடுகளும், சில எண்களும்தான். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நோயாளிக்கு விளக்கம் சொல்ல வேண்டியவன் நான். அந்த எண்கள் எப்படி வந்தன என்று அறியாமல் எத்தனையோ தாள்களுக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. 2021 இல் இந்த மென்பொருளுக்குச் சந்தா கட்டியது அந்த உறுத்தலினால்தான்.

அது தந்த பெரிய மகிழ்ச்சியை முதலில் சொல்ல வேண்டும். பயிற்சிப் படங்களில் சிறுநீரகத்தின் எல்லையை நம் கையாலேயே வரையவிடுகிறது. வரைந்து முடித்ததும் வளைகோடு கீழே தோன்றும். எல்லையை இழுத்தால் வளைகோடும் கூடவே அசையும். சிறுநீரகத்துக்கு முன்னும் பின்னும் உள்ள தசையிலும் இரத்தத்திலும் இருக்கும் கதிர்வீச்சைக் கழிப்பதற்காக, சிறுநீரகத்தின் ஓரத்தில் பின்னணிப் பகுதி ஒன்றையும் வரைய வேண்டும். முதல் மாதத்தில் ஓர் இரவு, வலது சிறுநீரகத்தின் பின்னணிப் பகுதியைக் கவனக்குறைவாகச் சற்று மேலே வரைந்துவிட்டேன். அதன் நுனி ஈரலின் மேல் ஏறியிருந்தது. இரண்டு சிறுநீரகங்களும் செய்யும் வேலையில் வலதின் பங்கு 46 சதவீதத்திலிருந்து 39 ஆக இறங்கியது. ஈரலில் இரத்தம் நிறைந்திருப்பதால் அங்கே கணக்கு, அதாவது கமரா எண்ணும் கதிர்வீச்சு, அதிகம். அதைச் சிறுநீரகத்திலிருந்து கழித்தால் சிறுநீரகம் ஏழையாகத் தெரியும். 45 முதல் 55 வரை இயல்பு என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஒரு விரல் அசைவில் இயல்பான சிறுநீரகம் ஒன்று இயல்பிழந்து போவதைக் கண்ணால் கண்டது அன்றுதான். பின்னணியைக் கீழே இழுத்தேன், 45 ஆயிற்று. மேலே தள்ளினேன், மறுபடியும் 39. அன்றிரவு அந்த ஒரு படத்தோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தேன்.

அதற்குப் பிறகு கண்டியிலிருந்து வரும் தாளில் வலது 41 என்று கண்டால், முதலில் எண்ணைப் பார்ப்பதில்லை. படத்தில் எல்லையை எங்கே வரைந்திருக்கிறார்கள் என்றே பார்க்கிறேன். இந்த ஒரு பழக்கத்துக்காகவே கட்டிய பணம் வீண்போகவில்லை என்று சொல்வேன்.

மின்சாரமும் இணையமும் இல்லாத நேரங்களிலும் அது என்னைக் கைவிடவில்லை. 2022 மார்ச்சில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த நாட்களில், பகலில் வைத்தியசாலையில் மடிக்கணினியின் மின்கலத்தை நிரப்பிக்கொண்டு வந்து, இரவில் வீட்டு விறாந்தையில் இருந்து பயிற்சி செய்தேன். படங்கள் எல்லாம் முன்பே இறக்கி வைத்திருந்தவை. ஆனால் அதே ஆண்டில் ரூபாயின் மதிப்பு சரிந்து, டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ஐத் தாண்டியபோது, சந்தாவைப் புதுப்பிக்க வீட்டில் ஒரு சிறு விவாதமே நடத்த வேண்டியிருந்தது. புதுப்பித்தேன். அந்த அளவுக்கு அதன்மீது பற்று இருந்தது.

இனி என்னைக் கோபப்படுத்துவதைச் சொல்கிறேன். ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும்: அடைப்பு உண்டா, இல்லையா, தீர்மானிக்க இயலாதா? மூன்றாவது விடை பெயருக்குத்தான் அங்கே இருக்கிறது. அதைத் தெரிவு செய்தால் திரையின் மேலே உள்ள பட்டை சிவப்பாகி, புள்ளி பூச்சியமாகிறது. நான்கு ஆண்டுகளில் ஒரேயொரு முறைகூட "தீர்மானிக்க இயலாது" என்பது சரியான விடையாக வந்து நான் பார்க்கவில்லை. சிறுநீரைப் பெருக்கும் லேசிக்ஸ் கொடுத்த பின் ஸ்கேன் மருந்து பாதியாக வெளியேறும் நேரம் 10 நிமிடத்துக்குள் என்றால் அடைப்பில்லை, 20 ஐத் தாண்டினால் அடைப்பாக இருக்கலாம், இடைப்பட்டது உறுதியற்றது என்பது இத்துறையின் பால பாடம். மென்பொருளின் உதவிப் பக்கத்திலும் அதுவே எழுதியிருக்கிறது. அதே மென்பொருள் 14 நிமிடம் வந்த படத்தைக் காட்டி, ஏதாவதொரு பக்கம் சாயும்படி நம்மை நெருக்குகிறது.

இதைவிடப் பெரிய குறை, நோயாளியைப் பற்றிய தகவல். வயது, ஆணா பெண்ணா, வலி எந்தப் பக்கம்: அவ்வளவுதான். பரிசோதனைக்கு முன் எவ்வளவு தண்ணீர் குடித்தார், சிறுநீர்ப்பை நிறைந்திருந்ததா, எழுந்து நடந்து சிறுநீர் கழித்த பின் எடுத்த படம் இருக்கிறதா என்பவை எங்கேயும் இல்லை. இவை மூன்றும் இல்லாமல் ஒரு ரீனோகிராம் வாசிப்பது, மழை பெய்ததா என்று அறியாமல் குளத்தின் மட்டத்தை வைத்து வாய்க்கால் அடைத்திருக்கிறது என்று சொல்வதைப் போன்றது. தண்ணீர் குடிக்காதவரின் சிறுநீரகம் மருந்தை மெல்லத்தான் வெளியேற்றும். நிறைந்த சிறுநீர்ப்பை மேலிருந்து வருவதைத் தாமதப்படுத்தும். விரிந்துபோன சிறுநீரக இடுப்பு (சிறுநீரகத்தில் சிறுநீர் வந்து சேரும் பை), படுத்திருக்கையில் தேங்கி நின்று, எழுந்து நின்றதும் வடிந்துவிடுவதும் உண்டு.

எங்கள் நோயாளிகளுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதை எப்படிச் சொல்வது? மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ ஒரு பெண் விடியற்காலையில் புறப்பட்டு, ஹபரணை, தம்புள்ளை வழியாக மணிக்கணக்கில் பஸ்ஸில் கண்டிக்குப் போகிறார். வழியில் இறங்கி மலசலகூடம் தேட வேண்டிவரும் என்ற அச்சத்தில் முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார். நம்மிடம் வந்து சேரும் வளைகோட்டில் அந்தப் பஸ் பயணமும் இருக்கிறது.

நான் செய்த தவறு ஒன்றை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படிப் போய்வந்த ஒரு பெண்ணின் தாளில் வலது பக்கம் பாதி வெளியேறும் நேரம் 22 நிமிடம் என்றிருந்தது. அடைப்பு என்று அவரிடம் சொல்லி, சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடிதமும் எழுதினேன். நிபுணர் தாளைப் பார்த்துவிட்டு என்னை அழைத்து ஒரே கேள்விதான் கேட்டார்: "இடது பக்கத்தைப் பார்த்தீர்களா?" நான் பார்த்திருக்கவில்லை. வலியில்லாத, குறையில்லாத இடது சிறுநீரகத்தின் வளைகோடும் உச்சிக்கு வர எட்டு நிமிடம் எடுத்திருந்தது. இயல்பில் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் வந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து தாமதித்தால் குழாயைச் சந்தேகிக்கும் முன் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். நன்றாகத் தண்ணீர் குடிக்கவைத்து, சிறுநீர் கழித்த பின்னும் படம் எடுத்து, மீண்டும் செய்த பரிசோதனையில் வலது பக்கம் வடிந்துவிட்டது. அந்தப் பெண் அந்த இடைப்பட்ட ஆறு வாரமும் சத்திரசிகிச்சையை எண்ணித் தூங்காமல் இருந்ததாகப் பின்னர் சொன்னார்.

இதில் மென்பொருளை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. தாள் என் கையில்தான் இருந்தது. இடது பக்கத்து வளைகோடும் அதே தாளில்தான் இருந்தது. தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்க எனக்கு அரை நிமிடம் போதுமாயிருந்திருக்கும். ஆனாலும், வாரத்துக்கு ஐந்து பயிற்சி என்று இரண்டு ஆண்டுகள் "தெரியவில்லை" என்று சொல்லும்போதெல்லாம் பூச்சியம் வாங்கிய ஒருவனின் கை, உண்மையான நோயாளியின் முன் எந்தப் பக்கம் சாயும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் சோம்பலால் தவறினேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மறுபாதி, உறுதியாகச் சொல்வதே திறமை என்று எனக்குள் ஊறிப்போயிருந்தது.

வேறு வழியில்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் எமொரிப் பல்கலைக்கழகத்தில் உருவான ரெனெக்ஸ் என்னும் மென்பொருள் இதே வகைப் படங்களை ஆராய்ந்து முடிவு சொல்வது; தன் முடிவுக்கான காரணத்தையும் காட்டும்; உறுதியாகச் சொல்ல முடியாதவற்றை அப்படியே உறுதியற்றவை என்று வைக்கும். நோயாளியின் படத்தை ஆராயும் மென்பொருளே தயங்க அறிந்திருக்கும்போது, மாணவனைப் பழக்கும் மென்பொருள் தயக்கத்துக்குத் தண்டனை கொடுப்பது எனக்கு விளங்கவில்லை. இதைத் தயாரிப்பாளருக்கு மூன்று முறை எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்கு மரியாதையான பதில் வந்தது: அடுத்த பதிப்பில் கருத்தில் கொள்வார்களாம். அடுத்த பதிப்பு வந்தது. நிறங்கள் மாறியிருந்தன, மூன்றாவது விடை அப்படியே இருந்தது.

சிறிய குறைகள் சில உண்டு. பழைய மடிக்கணினியில் திறக்க நேரமெடுக்கும். குழந்தைகளின் படங்கள் குறைவு. முன்பு செய்த பயிற்சியை மீண்டும் எடுக்க வழியில்லை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

சென்ற வெள்ளிக்கிழமை என் சந்தாவை ஐந்தாவது ஆண்டுக்கும் புதுப்பித்துவிட்டேன். எல்லையை இழுத்து வளைகோடு அசைவதைப் பார்க்கும் அந்த இன்பத்தை விட மனமில்லை. புள்ளிகளை நான் இப்போது பார்ப்பதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் என் விடையைத் தனிக் கொப்பியில் எழுதுகிறேன், பெரும்பாலும் காரணத்தோடு "இயலாது" என்று. ஆனால் மட்டக்களப்புத் தம்பிக்கு என் பதில், பாதி விலையானாலும் இப்போது வாங்க வேண்டாம் என்பதுதான். நிறைய நோயாளிகளைப் பார்த்துத் தவறி எழும்பிய பிறகு அந்தச் சிவப்புப் பட்டையைப் புறக்கணிக்க முடியும். தொடக்கத்திலேயே அதனிடம் பாடம் கற்றால், அது சொல்வதே பாடமாகிவிடும்.

அதுவரை அவர் இமேஜ்ஜே என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளட்டும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வெய்ன் ராஸ்பாண்ட் எழுதி 1997 இல் வெளியிட்டது, இன்றும் இலவசம். புள்ளி கொடுக்காது, சிவப்புப் பட்டையும் கிடையாது. தொடர் படங்களைத் திறந்து, எல்லை வரைந்து, நேரத்தோடு கணக்கு எப்படி மாறுகிறது என்று அதில் வளைகோடு எடுக்கலாம். பெயர் நீக்கிய படங்கள் சில என்னிடம் உண்டு. ஒரு சனிக்கிழமை திருகோணமலைக்கு வந்தால் இருவரும் சேர்ந்து பார்க்கலாம். முதல் வேலையாக வலது பின்னணிப் பகுதியை ஈரலின்மேல் ஏற்றி வைக்கச் சொல்வேன்.