வண்ணாரப்பேட்டையில் சிறுவர்களுக்கான பட்டு ஓவிய வகுப்பு: ஒரு தாயின் மதிப்புரை

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டின் முதல் மாடியில், ஞாயிற்றுக்கிழமைக் காலை வேளைகளில், எட்டு வயது நிரம்பிய பிள்ளைகளுக்குப் பட்டுத் துணியில் ஓவியம் தீட்டக் கற்றுத் தருகிறார்கள். பெயர்ப் பலகை கூட இல்லாத சிறு முயற்சி அது. பெற்றோர் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் பிள்ளைகள் வந்து சேருகிறார்கள். தமக்குப் பிரியமான ஒருவருக்குக் கொடுப்பதற்கென்று ஒரு பொருளை ஒவ்வொரு பிள்ளையும் செய்து எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே ஏற்பாடு. என் மகள் தன் ஆயாவுக்கு ஒரு சுருக்குப் பை செய்தாள். கற்றுத் தரும் முறையில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. செய்த பொருள் நீடித்து உழைப்பதற்கான ஏற்பாட்டில்தான் இன்னும் அக்கறை வேண்டும்.

யாருக்குக் கொடுக்கப் போகிறாய், அவர் அதை எதற்குப் பயன்படுத்துவார், எந்த நிறத்தை விரும்பி உடுத்துவார் என்று ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையிடமும் பொறுமையாகக் கேட்ட பிறகே துணியை வெட்டுகிறார். ஆயா வெற்றிலை பாக்கையும் சில்லறையையும் இடுப்பில் செருகிய பையில்தான் வைத்திருப்பார், தலையில் வைத்துக்கொள்வது கனகாம்பரம் என்று என் மகள் சொன்னாள். பையும் பூவும் அப்படித்தான் முடிவாயின. அச்சிட்ட படத்துக்குள் வண்ணம் நிரப்பச் சொல்லும் விற்பனைப் பெட்டிகளில் இந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை. பரிசைப் பெறுபவரை நினைத்துக்கொண்டே பிள்ளை வேலை செய்ய வேண்டும் என்பதில் இவர்கள் காட்டும் பிடிவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

துணியின் தரத்திலும் ஏமாற்று இல்லை. எட்டு மொம்மி (பட்டின் எடையைச் சொல்லும் அளவு) எடையுள்ள, அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வரும், மெல்லிய வெண்பட்டைக் கஞ்சி போக அலசி, மரச்சட்டத்தில் முரசுத் தோல் போல விறைப்பாக இழுத்துக் கட்டித் தருகிறார்கள். தொடங்குவதற்கு முன்னர் ஆசிரியை அந்தப் பட்டிலிருந்து ஒரு நூலையும் பாலியஸ்டர் துணியிலிருந்து ஒரு நூலையும் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திக் காட்டினார். பட்டு முடி கருகும் வாடையோடு பொசுங்கி, விரலில் தேய்த்தவுடன் பொடியாகிப் போனது. பாலியஸ்டர் உருகிக் கெட்டியான கரிய மணியாகத் திரண்டது. பட்டு என்ற பெயரில் எதை எதையோ விற்கும் கடைத்தெருவுக்கு அருகில் வளரும் பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வது எவ்வளவோ நல்லது.

எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் துணி வண்ணம் பட்டின் மேல் படலமாக ஏறி அதை விறைப்பாக்கிவிடும் என்பதால், நீர்போல ஓடும் பட்டு வண்ணத்தையே இங்கே பயன்படுத்துகிறார்கள். இழைகளின் வழியே தானாகப் பரவும் அந்த வண்ணத்தை நிறுத்துவது, குட்டா என்னும் பசையால் முன்கூட்டியே வரைந்து காயவைத்த கோடு மட்டுமே. கோட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வண்ணம் அதன் வழியே வெளியேறிவிடும். சட்டத்தைச் சன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் கோட்டை ஆராயும்படி ஆசிரியை சொன்னார்; இரண்டாவது பூவின் காம்பருகே பசை துணியின் மறுபக்கம் வரை இறங்காமல் இருந்ததை என் மகளே கண்டுபிடித்து அடைத்தாள். பிறகு இதழுக்குள் மஞ்சளை விட்டு, ஈரம் காய்வதற்குள் ஓரத்தில் சிவப்பைத் தொட்டு வைத்தாள். சிவப்பு மஞ்சளுக்குள் ஊர்ந்து சென்று கனகாம்பர நிறமாக மாறியதைப் பார்த்தபோது பக்கத்து மேசைப் பிள்ளைகளும் எழுந்து வந்துவிட்டார்கள். எந்த நிலையிலும் ஆசிரியை தூரிகையை அவள் கையிலிருந்து வாங்கவில்லை. பரிசு முழுக்க முழுக்கப் பிள்ளையின் கைவேலையாக இருப்பதற்கு அதுவே காரணம்.

பின்புலத்துக்கு, ஈரம் பளபளக்கும் நிலையில் கல் உப்பைத் தூவச் சொல்கிறார்கள். உப்பு ஈரத்தையும் அதனோடு வண்ணத்தையும் தன் பக்கம் இழுப்பதால் நட்சத்திரம் போன்ற திட்டுகள் உண்டாகின்றன. கடல் அருகே இருக்கும் நம் பகுதியில் உப்பு எளிதில் நமுத்துவிடும் என்பதால், அதை வாணலியில் வறுத்து வைத்திருந்தார்கள். காயும் வரை காத்திருந்த நேரத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியமர்ந்த இடம் இது என்பதையும், 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து கையால் தீட்டிய பருத்தித் துணிகள் ஐரோப்பாவுக்குப் போனதையும் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்.

இனி குறைகள். தீட்டிய துணியை ஒரு நாள் உலரவிட்டு, பின்புறமாக ஆவியில்லாத இஸ்திரிப் பெட்டியால் பகுதி பகுதியாகச் சில நிமிடங்கள் சூடாக்கினால்தான் இந்த வண்ணம் நிலைக்கும். அதன் பிறகே அலசிக் கோட்டுப் பசையைக் கரைத்தெடுக்க வேண்டும். இவ்வளவு முக்கியமான வேலையை, வகுப்பு முடிந்து பிள்ளைகள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் இரைச்சலில், வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புகிறார்கள். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். சூடு காட்டாமல் நனைத்து, பிள்ளையின் உழைப்பு முழுவதும் வாளித் தண்ணீரோடு போய்விட்டால் அந்தப் பிள்ளைக்கு யார் சமாதானம் சொல்வது?

பை தைத்துத் தருவதற்கு 150 ரூபாய் தனி என்பதை, 900 ரூபாய்க் கட்டணத்தைப் பெறும்போதே தெரிவித்திருக்கலாம். அதைவிடப் பெரிய குறை, உள்துணி வைக்காமல் தைப்பது. இத்தனை மெல்லிய பட்டு சில்லறையின் எடையைத் தாங்காது. தையல் ஓரத்தில் இழை விலகிப் பிரிந்துவிடும். எங்கள் தெருத் தையற்காரரிடம் கொடுத்துப் பருத்தி உள்துணி வைத்த பிறகே அந்தப் பை ஆயாவின் இடுப்புக்குப் போனது. அவர் இப்போது அதை அன்றாடம் பயன்படுத்துகிறார்.

வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் ஆட்டோவில் எளிதாகப் போய்விடலாம். தீபாவளியை ஒட்டிய வாரங்களில் எம்.சி. ரோட்டு நெரிசலைக் கடந்து வருவது சிரமம் என்பதால், பண்டிகைப் பரிசு செய்ய நினைப்பவர்கள் செப்டம்பரிலேயே பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள். பை செய்வதாக இருந்தால், உள்துணிக்கு வெளுத்த பருத்தித் துணி கொஞ்சம் எடுத்துச் சென்று, வெட்டுவதற்கு முன்பே ஆசிரியையிடம் கொடுத்துவிடுங்கள். கேட்டால் மறுக்காமல் வைத்துத் தைக்கிறார்கள்.