ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) முடித்தவர்களுக்கு: எம்.டெக்கா, வேலையா?

சம்பளக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் போக நினைக்கும் வேலை எம்.டெக் கேட்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பவர் எலக்ட்ரானிக்ஸ், மோட்டார் டிரைவ், சிப் வடிவமைப்பு என்று டிசைன் பக்கம் போவதற்கு அது நன்றாகக் கைகொடுக்கும். துணைமின் நிலையம், ஆலைப் பராமரிப்பு, கமிஷனிங் (புதிய கருவிகளைச் சோதித்து இயக்கிவைப்பது) என்றால் அந்த இரண்டு வருடத்தை சைட்டில் கழிப்பதே மேல்.

ஆய்வகத்தில், டிசியை ஏசியாக மாற்றும் ஹாஃப் பிரிட்ஜ் இன்வெர்ட்டர் கட்டுகிறீர்கள். மேல், கீழ் மாஸ்ஃபெட்டுகளுக்கு (மின்னணு சுவிட்சுகள்) இடையே டெட் டைம், அதாவது இரண்டும் ஆஃப் ஆக இருக்கும் இடைவெளி, போதாவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் ஆன் ஆகி, டிசி பஸ் ஷார்ட் ஆகி, மாஸ்ஃபெட் போய்விடும். அதிகம் வைத்தாலோ அவுட்புட் அலைவடிவம் கெடும். மாஸ்ஃபெட்டின் கேட் முனைக்குப் போகும் சிக்னலை ஆசிலோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து அந்த நானோ செகண்டுகளைச் சரிசெய்ய எம்.டெக்கில் நேரம் உண்டு. வேலையில் சேர்ந்த முதல் வருடம் அந்த வாய்ப்பு அரிது.

சைட்டில் பாடம் வேறு. டிரான்ஸ்ஃபார்மரில் லோடு ஏற ஏற டிஃபரென்ஷியல் ரிலே (இரு பக்க மின்னோட்டத்தையும் ஒப்பிடும் பாதுகாப்புக் கருவி) டிரிப் ஆகிறதா? ஒரு பக்க சிடியின் (மின்னோட்டத்தை அளக்க உதவும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) போலாரிட்டி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். லோடு ஓடும்போது சிடி செகண்டரியைக் கழற்றவே கூடாது. கழற்றினால் முனைகளில் உயிர்போகும் அளவுக்கு வோல்டேஜ் எழும். முதலில் அந்த முனைகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஷார்ட்டிங் லிங்கைப் போட வேண்டும். புத்தகத்தில் படித்தாலும் இது பேனல் முன்னால் நின்றால்தான் கைக்குப் பழகும்.

பணம்? எம்.டெக் நுழைவுத் தேர்வான கேட் (GATE) மதிப்பெண்ணோடு சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, 24 மாதம். அதற்குப் பதிலாக வாரம் சுமார் 8 மணி நேரம் லேப், விடைத்தாள் வேலை இருக்கும். கேட் இல்லாமல், லேப் சரியில்லாத கல்லூரியில் கட்டணம் கட்டி எம்.இ. (எம்.டெக்குக்கு இணையான படிப்பு) படிப்பதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். பணமும் போகும், இரண்டு வருட அனுபவமும் போகும்.

இரண்டையும் இணைக்கவும் வழி உண்டு. கேட் மதிப்பெண் 3 வருடம் செல்லும். இறுதியாண்டு பிப்ரவரியில் எழுதிவிட்டு வேலைக்குப் போய், எந்தப் பிரிவு பிடிக்கிறது என்று தெரிந்தபின் அதே மதிப்பெண்ணில் எம்.டெக் சேரலாம். ஆனால் பொதுத்துறை நிறுவனங்கள் அறிவிப்பில் சொல்லும் வருடத்து மதிப்பெண்ணைத்தான் ஏற்கும்; பழையதை நம்பி இருக்காதீர்கள். தேர்வில் 15 மதிப்பெண் பொதுத்திறன், கிட்டத்தட்ட அதே அளவு கணிதம். கடைசி வாரத்துக்கு இவற்றைத் தள்ளிப்போட்டுத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். எண்ணாக விடையளிக்கும் கேள்விகளுக்கு நெகட்டிவ் மதிப்பெண் கிடையாது, ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.

இந்த வழியில் சிக்கல் வருவது பெரும்பாலும் வேலை ஒப்பந்தத்தில்தான். கையெழுத்துப் போடுமுன் மூன்றைக் கேளுங்கள்: பாண்ட் (விலகாமல் வேலை செய்ய வேண்டிய ஒப்பந்தக் காலம்) எத்தனை வருடம், விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா. ஐஐடி இடங்கள் மே முதல் ஜூலை வரை சுற்றுச் சுற்றாக ஒதுக்கப்படுகின்றன, வகுப்பு ஜூலை கடைசியில் தொடங்கிவிடும். நோட்டீஸ் காலம் 90 நாள் என்றால், சீட் உறுதியாவதற்கு முன்பே ராஜினாமா கொடுக்க வேண்டிவரும். நோட்டீஸ் நாட்களைப் பணம் கட்டிக் குறைத்துக்கொள்ளலாமா என்பதையும் சேரும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.