பின் குத்தாத மக்கனா: ரங்கூன்ல மூணு மாசம் போட்டுப் பாத்தாச்சு

எம் பொண்ணு மூணு மாசமா போட்டு விளையாடுற ஸ்போர்ட்ஸ் ஹிஜாப், அதாவது விளையாட்டுக்குன்னே தச்ச மக்கனா (தலைய மூடுற துணி) பத்தி மொகல் தெரு பக்கம் நிறைய உம்மாமார் கேட்டீங்க, அதான் எழுதுறேன்.

அவளுக்கு 14 வயசு, பேட்மிண்டன்னா உசிரு. மக்கனா போட ஆரம்பிச்சதுல இருந்து ஸ்மாஷ் அடிக்க கைய தூக்குனாலே துணி சரியும், ஒரு கையில ராக்கெட் இன்னொரு கையில மக்கனான்னு நிப்பா, ஒரு நாள் தாடைக்கு கீழ பின் குத்தி ரத்தமே வந்துருச்சு, அன்னைக்கே "இனி நான் போகல உம்மா"ன்னு ராக்கெட்ட கட்டிலுக்கு அடியில தள்ளிட்டா. எனக்கு மனசே ஆறல.

மலேசியால இருக்குற எங்க லாத்தா (அக்கா) 35 ரிங்கிட்டுக்கு இந்த ஸ்போர்ட்ஸ் ஹிஜாப வாங்கி அனுப்புனாங்க. இழுத்தா இழுபடுற பாலியஸ்டர் துணி, தலை வழியா மாட்டுனா முடிஞ்சுது, பின்னே வேணாம். காதுகிட்ட சன்னமா வலை மாதிரி இருக்கு, கோச் கூப்புட்டா நல்லா கேக்குது. பின்பக்கம் நீளம், டீசர்ட்டுக்குள்ள சொருகிட்டா குனிஞ்சாலும் கழுத்து தெரியாது. ஏப்ரல் வெயில்ல கரண்ட் போய் ஹாலே அடுப்பா கொதிச்ச அன்னைக்கும் கழட்டாம ரெண்டு கேம் ஆடுனா. குறைன்னா நெத்தில எலாஸ்டிக் இறுக்கம், மொத வாரம் செவப்பா கோடு விழுந்துச்சு, ஒரு சைஸ் பெருசாவே வாங்குங்க.

இங்க மார்க்கெட்ல ஒரு கடையில இதே மாதிரின்னு ஒண்ணு வாங்கி ஏமாந்தேன், காத்தே போகாத துணி, ரெண்டாவது துவைப்புல தையல் விட்டுருச்சு, திருப்பிக் கொண்டு போனா வாங்க மாட்டேன்னுட்டாங்க.

தலையில போடுற இந்த ஒரு துணிக்காகத்தான் 2011ல ஈரான் பொண்ணுங்கள ஒலிம்பிக் ஃபுட்பால் தகுதி மேட்ச் ஆட விடல, கழுத்துக்கு ஆபத்துன்னு காரணம் சொன்னாங்க, உலக ஃபுட்பால் சங்கமான ஃபிஃபா முழுசா அனுமதிச்சது 2014லதான். 2023 வேர்ல்ட் கப்புல மொராக்கோவோட நுஹைலா பென்சினா ஹிஜாபோட இறங்குனத எம் பொண்ணு போன்ல எத்தன தடவ பாத்திருப்பான்னு கணக்கே இல்ல.

வயசுப்புள்ளைக்கு என்ன ஆட்டம்னு எங்க மாமி கேட்டாங்க. நபியோட மனைவி ஆயிஷா நாயகி ரசூலுல்லாஹ்வோட (நபியோட) ஓட்டப்பந்தயம் ஓடி ஜெயிச்சது அபூதாவூத் ஹதீஸ் தொகுப்புல இருக்கே மாமின்னு எடுத்துக் காட்டுனேன். ஒண்ணும் சொல்லல, ஆனா போன ஞாயித்துக்கிழம ஃப்ளாஸ்க்ல டீ ஊத்திட்டு கோர்ட்டுக்கே வந்து ஒக்காந்துட்டாங்க, அல்ஹம்துலில்லாஹ்.

அவ கூட்டாளிங்களுக்கு இன்னும் நாலு அனுப்பச் சொல்லி லாத்தாகிட்ட சொல்லிருக்கேன். வேணுங்கிறவங்க புள்ளையோட தலை சுத்தளவு அளந்து சொல்லுங்க, சேத்தே வரவழைக்கலாம்.