கம்பளியா நுரையா, காம்பவுண்டா பாலிஷா: கார் கீறலுக்கு எது எதோடு சேரும்?

கருப்புக் கார் வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. தினமும் காலையில் ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி, வரிசையாகப் பத்து கார் என்று துடைத்ததில் இரண்டே வருடத்தில் பானட் மேல் சிலந்தி வலை மாதிரி நுண்கீறல் விழுந்துவிட்டது. நிழலில் தெரியாது. இரவு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினால் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் வட்ட வட்டமாக மின்னும். ஒரு கடையில் ‘ரப்பிங், பாலிஷ்’ என்று போட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. நாலு வாஷ் கழிந்ததும் வலை பத்திரமாக அங்கேயே இருந்தது. கீறலை எடுக்கவில்லை, மெழுகால் மூடி அனுப்பியிருக்கிறார்கள். அதன் பிறகுதான் பாலிஷ் மெஷின் வாங்கி நானே இறங்கினேன்.

கீறலை ‘எடுப்பது’ என்று சொல்கிறோமே தவிர, பள்ளத்தை யாரும் தூக்கி எறிவதில்லை. பலகையில் கீறல் விழுந்தால் தச்சர் இழைப்புளி போட்டுச் சுற்றியுள்ள மேட்டைச் சீவுவார் அல்லவா, அதேதான். சீவுவதற்கு நம்மிடம் இருப்பது நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் மட்டும். பெரும்பாலான கார்களில் அது 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அந்தக் கீறல் எந்த பாலிஷுக்கும் முழுசாகப் போகாது. போகும்வரை தேய்த்தால் கிளியர் கோட்தான் போகும்.

பாட்டில்களை எடுத்துக்கொள்வோம். காம்பவுண்ட் என்றால் வெட்டும் வேலை, பாலிஷ் என்றால் வெட்டிய தடத்தை ஆற்றும் வேலை. மெகுயர்ஸில் எம் 105 வெட்டுவதற்கு, எம் 205 முடிப்பதற்கு. ஜெர்மனியின் மென்செர்னாவில் 400 வெட்டும், 2500 நடுத்தரம், 3800 கடைசிப் பளபளப்பு. இரண்டு கம்பெனிக்கும் குணம் வேறு. மென்செர்னாவின் துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து பொடியாகும். பாதியில் நிறுத்தினால் கரடு தங்கிவிடும், பொறுமையாகச் சுற்றை முடிக்க வேண்டும். மெகுயர்ஸின் இந்த இரண்டிலும் துகள் முதலிலிருந்தே மிக நுண்ணியது, கடைசிவரை அதே அளவில் வெட்டும். எப்போது நிறுத்துவது என்பது உங்கள் கையில். ஆனால் எம் 105 சீக்கிரம் காய்ந்து வெள்ளைத் தூசியாகக் கொட்டும் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். நம் ஊர் மே மாத வெயிலில் கேட்கவே வேண்டாம். திறந்த வெளியில் வேலை செய்பவர்களுக்கு மென்செர்னா கொஞ்சம் கூடுதல் நேரம் தரும். நிழலான கார் ஷெட் இருந்தால் இந்த வித்தியாசம் பெரிதில்லை.

ஆனால் பாட்டிலைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு, மெஷினில் மாட்டித் தேய்க்கும் பேடைப் பற்றிப் பேசுவதில்லை, அதுதான் என் குறை. எம் 205ஐ வெட்டும் நுரை பேடில் போட்டால் லேசான வலையை அதுவே எடுத்துவிடும். அதையே மெத்தென்ற பேடில் போட்டால் பளபளப்பு மட்டும் தரும். ஒரே பாட்டில், இரண்டு பேட், இரண்டு வேலை. இரண்டாவது பாட்டிலுக்கு வைத்திருக்கும் காசில் நாலு பேட் வாங்குங்கள் என்பேன்.

கம்பளி பேட் எல்லாவற்றையும் விட வேகமாக வெட்டும், இழைகளுக்கு நடுவே காற்று போவதால் சூடும் குறைவு. பழைய, வெயிலில் மங்கிப்போன பெயிண்ட்டுக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் பின்னாலேயே ஒரு மங்கலை விட்டுப் போகும்; இன்னொரு சுற்று கட்டாயம். மைக்ரோஃபைபர் பேட், சுழன்றுகொண்டே ஆடும் டூயல் ஆக்‌ஷன் மெஷினில் கம்பளிக்கு அருகில் வெட்டும், பெயிண்ட் பொடியும் அதே வேகத்தில் இழைகளில் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிரஷ் போட்டு உதறாவிட்டால் அந்தப் பொடியே புதுக் கீறல் போடும். பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களில் இதை நான் தொடுவதில்லை. இரும்புத் தகடு சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும். நுரை பேட் மெதுவானது, ஆனால் தப்பை மன்னிக்கும்.

நிறத்தை நம்பி மட்டும் நுரை பேட் வாங்காதீர்கள். லேக் கன்ட்ரி கம்பெனியில் மஞ்சள் என்றால் கனமாக வெட்டும் பேட். இத்தாலியின் ரூபெஸில் மஞ்சள் என்றால் நுண்மையான முடிப்பு பேட். மெகுயர்ஸில் மஞ்சள் நடுவில் நிற்கும். ஒருவர் வீடியோவில் மஞ்சள் என்றார் என்று கேட்டு வேறு கம்பெனி மஞ்சளை வாங்கினால் வேலை தலைகீழாகும்.

மெஷினில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் செய்பவருக்கு டூயல் ஆக்‌ஷன்தான். பட்டறைகளில் இருக்கும் ரோட்டரி ஒரே அச்சில் சுழலும். வேகமாக வெட்டும், ஒரு கணம் ஓரத்தில் நின்றால் பெயிண்ட்டைச் சுட்டுவிடும். கை பழகாதவர் விட்டால் வெயிலில் ஹோலோகிராம் மாதிரி நெளியும் தடம். டூயல் ஆக்‌ஷன் சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும். அதிகம் அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும். தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள், சுற்றுகிறதா நின்றுவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். ஆட்டம் 15 மில்லிமீட்டர், 21 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். நம் சின்ன ஹேட்ச்பேக்கின் வளைவுகளுக்கு 15 போதும்.

என் காரில் நடந்தது இது. காரைக் கழுவி, பெயிண்ட்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் கிளே பார் போட்டு, பானட்டில் இரண்டடிச் சதுரம் டேப் ஒட்டினேன். முதலில் எம் 205, மெத்து பேட்: பளபளப்பு வந்தது, வலை போகவில்லை. அதே பாலிஷ், நடுத்தர நுரை பேட், பட்டாணி அளவில் நாலு சொட்டு, குறுக்கும் நெடுக்குமாக ஆறு முறை: முக்கால்வாசி போனது. பாலிஷின் எண்ணெய் போக, தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து டார்ச் அடித்தேன், போனது போனதுதான், மூடி மறைத்தது இல்லை. மென்செர்னா 400ஐக் கதவில் மட்டும் எடுத்தேன், பிறகு எம் 205 கொண்டு ஆற்றினேன். முன் பம்பர்தான் ஆச்சரியம். ஒருமுறை இடித்து வெளியே பெயிண்ட் அடித்தது. மெத்து பேடிலேயே வலை போய்விட்டது. ஃபேக்டரியில் பெயிண்ட்டைச் சுமார் 140 டிகிரியில் சுடுவார்கள், பட்டறையில் 60 டிகிரியைச் சுற்றித்தான். அதனால் பட்டறை பெயிண்ட் மென்மையாகவே இருக்கும். ஒரே காரில்கூட எல்லாப் பாகத்துக்கும் ஒரே ஜோடி சேராது.

பேடில் கார் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள், அல்லது அது கிளியர் கோட்டே இல்லாத பழைய ஒற்றைப் பூச்சு. பற்பசை வைத்தியம் பற்றிக் கேட்பவர்களுக்கு: அதுவும் தேய்க்கும் பொருள்தான், ஆனால் எவ்வளவு கரடு என்று யாருக்கும் தெரியாது. பல்லுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது புதிதாக வாங்குவதாக இருந்தால் 15 மில்லிமீட்டர் மெஷின், எம் 205 ஒன்று, நடுத்தர நுரை மூன்று, மெத்து இரண்டு, மைக்ரோஃபைபர் ஒன்று. நடுத்தரம் மட்டும் மூன்று வேண்டும், ஏனென்றால் பாலிஷ் ஊறிப் பிசுபிசுத்த நுரை வெட்டாது. கழுவிக் காயும்வரை அடுத்தது வேண்டுமே. காம்பவுண்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், தேவைப்படாமலே போகலாம். கதவுக் கைப்பிடிக் குழியில் மோதிரமும் நகமும் போட்ட கீறலுக்கு எந்த மெஷினும் நுழையாது. அங்கே ஒரு கைப்பஞ்சில் அதே எம் 205ஐத் தொட்டு, டீ ஆறும்வரை தேய்த்தேன்.

பின் கதவில் சாவிக் கீறல் ஒன்று மட்டும் மிச்சம். நகம் மாட்டுகிறது. அதற்கு டச்-அப் பெயிண்ட் வாங்கி வைத்திருக்கிறேன், மழை விடட்டும்.