‘3 வாட்’ லேசர் லைட் வாங்கும் முன் மஞ்சளைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்

தென்காசிப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு என்று ஓடுகிற தொழில். போன வருடம் ஆடிக்கு முன்னால், சென்னையில் ஒரு கடையில் ‘3 வாட் ஆர்ஜிபி’ (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உள்ளது) என்று ஸ்டிக்கர் ஒட்டிய லேசர் லைட்டை 68,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கடையிலேயே புகை போட்டு ஓட்டிக் காட்டினார்கள். நீலமும் பச்சையும் கண்ணைப் பறித்தன. அதிலேயே மயங்கிவிட்டேன்.

முதல் வேலை ஒரு மாரியம்மன் கோயில் கொடை. கோயில் சுவரில் அம்மன் பெயரை மஞ்சளில் எழுதினேன். எலுமிச்சங்காய்ப் பச்சையாக விழுந்தது. வெள்ளை போட்டால் ஒரே நீலம். கமிட்டியில் ஒரு பெரியவர், “மஞ்ச போடச் சொன்னா பச்சையப் போடுதியே தம்பி” என்றார். மாரியம்மன் கோயிலில் நின்று கேட்ட அந்த வார்த்தை எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இந்த லைட்டுக்குள் மஞ்சள் டயோடு (லேசர் ஒளியைத் தருகிற சின்னப் பாகம்) என்று தனியாக எதுவும் கிடையாது. சிவப்பும் பச்சையும் ஒரே கோட்டில் கலந்தால்தான் மஞ்சள். சிவப்பு குறைந்தால் மஞ்சள் பச்சைப் பக்கம் சாய்ந்துவிடும்.

கடைக்கே திரும்ப எடுத்துப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் கவரைத் திறந்தார். சிவப்பு டயோடுக்குக் கரண்ட் கொடுக்கிற டிரைவர் போர்டில், அந்தக் கரண்டைக் கூட்டிக் குறைக்கிற பிரீசெட் என்ற குட்டித் திருகைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திருப்பினார். “அண்ணே, ரெட்ட ஏத்தி விட்டுட்டேன், இப்பப் பாருங்க” என்றார். வெள்ளை நிஜமாகவே வெள்ளையாக விழுந்தது. 1,500 ரூபாய் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாவது நிகழ்ச்சியில், பாதியில் சிவப்பு செத்துவிட்டது. புகையும் இல்லை, கருகல் வாசமும் இல்லை. மங்கலான ஒரு செம்மை மட்டும் மிஞ்சியது.

அப்புறம் நாகர்கோவிலில் ஒரு நண்பரிடம் லேசரின் சக்தியை அளக்கிற பவர் மீட்டர் இருப்பது தெரிந்து, லைட்டைக் கொண்டுபோனேன். லைட்டை இருபது நிமிடம் சூடேற விட்டு, ஒவ்வொரு நிறமாகத் தனித்தனியே அளந்தோம். நீலம் 1,580 மில்லிவாட், பச்சை 620, சிவப்பு வெறும் 45.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன், காசு போடுகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும். மூன்று நிறமும் ஒரே அளவு இருந்தால் வெள்ளை வராது. நானோமீட்டர் என்பது ஒளியின் அலைநீளக் கணக்கு, அதை வைத்துத்தான் நிறம். 638 நானோமீட்டர் சிவப்பு, 520 பச்சை, 450 நீலம் என்றால், 3 வாட்டில் சிவப்பு ஏறக்குறைய 1.4, பச்சை 1, நீலம் 0.6 வாட் வேண்டும். ஆனால் நீல டயோடு மலிவு, அதில் வாட்டும் சுலபமாக வரும். அதனால் நீலத்தைக் கொட்டிக் கூட்டுத்தொகையை ஏற்றிவிடுகிறார்கள். சிவப்பில் இன்னொரு ஏமாற்று: 638-க்குப் பதிலாக 650 போட்டால், அதே மில்லிவாட் நம் கண்ணுக்கு ஏறக்குறைய பாதி வெளிச்சமாகத்தான் தெரியும். போதாததற்கு, சிவப்பு டயோடு சூட்டில் சோர்ந்துபோகும். கடையில் ஐந்து நிமிடம் பார்த்த நிறம், பந்தலில் அரை மணி நேரம் ஓடிய பிறகு இருக்காது.

பிரீசெட்டைத் திருப்பியதுதான் டயோடைக் கொன்றது. தாங்குகிற அளவுக்கு மேல் கரண்ட் போனால் டயோடில் ஒளி வெளியே வருகிற முகப்பு பழுதாகிவிடும், அப்புறம் அது லேசராக வேலை செய்யாது. குறைந்த நிறத்தை ஏற்றக் கூடாது. கூடுதலாக இருப்பதைச் சாஃப்ட்வேரில் இறக்க வேண்டும். உதாரணத்துக்கு, சிவப்பு 500 மில்லிவாட் என்றால் பச்சையை 350-க்கும் நீலத்தை 200-க்கும் கொண்டுவந்தால் வெள்ளை வரும். வெளிச்சம் குறையும், அதுதான் அந்தப் பெட்டியின் உண்மையான சக்தி. இதற்கும் லைட் அனலாக் மாடுலேஷனாக, அதாவது ஒவ்வொரு நிறத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்க முடிகிற வகையாக இருக்க வேண்டும். டிடிஎல் என்ற இன்னொரு வகை என்றால் ஒவ்வொரு நிறமும் எரியும் அல்லது அணையும், நடுவில் எதுவும் கிடையாது, மொத்தம் ஏழே நிறம்.

வாங்கும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் எத்தனை மில்லிவாட், எத்தனை நானோமீட்டர் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். மஞ்சளையும் வெள்ளையையும் அரை மணி நேரம் ஓட விட்டுப் பாருங்கள். நேராகக் கண்ணில் படாமல், தள்ளி நின்று சுவரில் விழுவதைப் பார்த்தால் போதும். நேராகப் பட்டால் அரை வாட்டுக்கு வெகு கீழேயே கண்ணைக் கெடுத்துவிடும். அரை வாட்டுக்கு மேல் போனால் சுவரில் விழுகிற புள்ளியைக் கிட்டே நின்று பார்ப்பதும் ஆபத்து.

வாரண்டி கேட்டபோது “கவர் திறந்திருக்கு, கிடையாது” என்றார்கள். திறந்ததே அவர்கள் ஆள்தான் என்றால் அதற்கு ரசீது எங்கே என்கிறார்கள். அந்த 1,500-க்கு நான் ரசீது வாங்கவில்லை. வாங்கிய பில்லிலும் ‘லேசர் லைட் – 1’ என்று மட்டும்தான் இருக்கிறது, வாட் கணக்கு எங்கும் இல்லை. ஸ்டிக்கரையும் மீட்டர் அளவையும் படம் எடுத்து வைத்து, 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். லைட் இப்போது பச்சையும் நீலமும் மட்டும் போட்டுக்கொண்டு குடோனில் கிடக்கிறது.